மூன்றாவது கழுத்து

விச்சிட்டா ஃபால்ஸின் தெற்கு ஓரம்,
கார் கழுவும் இடத்துக்குப் பின்னால் என் பட்டறை.
பெடல் ஸ்டீல் செய்கிறேன்.
தோளில் தொங்காத, மடியில் அடங்காத கிட்டார்.
நான்கு கால், எட்டு மிதி, முழங்கால் இடிக்க ஐந்து நெம்பு.
பாதி தையல் மெஷின், பாதி சவப்பெட்டி என்பான்
கடைசல் பிடிக்கும் ஹோமெரோ.

ஆரின் டாக்கெட் வந்தது பிப்ரவரியில்,
பனிக்கட்டி மழை விட்ட மறுநாள்.
ஏற்கெனவே இரட்டைக் கழுத்துக்காரர்:
ஒன்று, விட்டுப் போனவளை நினைத்து அழ.
மற்றது, வந்தவளோடு ஆட.
"இன்னும் ஒரு கழுத்து வேணும்."
"இருக்கிற இரண்டுக்கே கழுத்து வரைக்கும் கடன்னீங்களே?"
அவர் சிரிக்கவில்லை.
காதில் விழவில்லை என்று எனக்கு அப்போது தெரியாது.

சட்டைப் பையிலிருந்து ஒரு தாள் எடுத்தார்,
காது டாக்டர் கொடுத்தது.
இடப்பக்கம் சமமாய்ப் போகும் கோடு
நடுவில் தடுக்கி
வலப்பக்கம் பள்ளத்தில் விழுந்து கிடந்தது.

"முதலில் வெட்டுக்கிளி போச்சு.
அப்புறம் கெட்டில் விசில்.
இப்போ லவோன் பேசினா 'ஸ' எல்லாம் ஓட்டை.
சனிக்கிழமை மேடையில்
மேல்தந்தியைத் தொட்டா விரல் அசையுது, அவ்வளவுதான்.
கீழே இன்னும் ஆள் இருக்கு.
அங்கே எனக்கு ஒரு கழுத்து கட்டு."

கட்டினேன்.
இருபத்துநான்கு அங்குலத்தில் தடித்த தந்தி
நனைந்த கொடிக்கயிறாய்த் தொய்ந்தது.
இருபத்தெட்டாக நீட்டினேன், சட்டத்தை அறுத்து மறுபடி ஒட்டி.
அடித்தந்தியைப் பார்த்து ஹோமெரோ கேட்டான்,
"இது பாட்டுக்கா, வேலிக்கா?"
மெல்லிய தந்தி மிதியைத் தொட்டதும் துள்ளும்.
இது படுத்த காளை:
யோசித்து, பின்பக்கத்தை முதலில் தூக்கி,
பிறகுதான் எழும்.

சுருதிதான் தூக்கத்தைக் கெடுத்தது.
எல்லாவற்றையும் அப்படியே நான்கு சுரம் இறக்கினால்
அடியில் சேறு.
மேலே தோள் உரசிப் பாடுகிறவர்கள்
கீழே போனால் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.
கோபித்த சம்பந்திகளைப் பந்தியில் பிரிப்பதுபோல்
தள்ளித் தள்ளி உட்காரவைத்தேன்.
கடைசியில் குரலும் இளியும் மட்டும்,
நடுவில் ஒரு காலி நாற்காலி.
அந்தக் காலி இடத்தில்தான் சத்தம் மூச்சுவிட்டது.

ஏப்ரலில் வந்து உட்கார்ந்தார்.
உருக்குக் கட்டையை வைத்தார். ஒரே தந்தி. மிதித்தார்.
அலமாரியில் திருகாணி டப்பா முனகியது.
ஹோமெரோ ஓடிப்போய் கம்ப்ரெஸரை அணைத்தான்.
ஆரின் முழங்காலை நெம்பிலிருந்து எடுக்கவே இல்லை,
காதின் வேலையை முட்டி பார்த்துக்கொண்டிருந்தது.

வெகுநேரம் கழித்து,
"அந்த முன்கழுத்தை அறுத்துடு.
தொண்ணூற்றொரு பவுண்டு யார் தூக்குறது?"

ஸ்பேனர் எடுத்துவிட்டேன்.
கதவோரம் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த லவோன்
பென்சிலைக் காதில் செருகி எழுந்து வந்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை, சொல்லி என்ன?
சுவிட்சை முன்கழுத்துக்குத் திருப்பினாள்.
எதிரே போய் நின்றாள்.

அவர் வாசித்தார், கண்ணால்.
கோட்டுக்கு நேராகக் கட்டை இருந்தும்
ஒரு மயிரிழை கீழே அழுதது.
லவோன் கையைத் தூக்கினாள்,
பின்னால் வரும் லாரிக்குக் காட்டுகிற மாதிரி:
வா, வா, இன்னும் கொஞ்சம்,
நில்.

நின்றது.
எனக்குக் கேட்டது, ஹோமெரோவுக்குக் கேட்டது.
ஆரின் அவள் கையையே பார்த்துக்கொண்டு
கட்டையை மெல்ல நடுங்கவிட்டார்.

பில்லில் ஒரு வரியை அடித்தேன்.
டிரக்கில் ஏற்ற மூன்று பேர் பிடித்தோம்.
கனமான பக்கம் லவோன்.